எட்டாத படகு

ஹீட்டரை இன்னும் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். ஏரிக் கதவு திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வண்டிக்குள் போய் உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம்... வரிசை போய்விடும்.

இது இந்த ஏரியில் நடந்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம், சொன்னால் உங்களில் பாதிப் பேர் இனி அங்கே போகமாட்டீர்கள். என்னோடு டயர் கடையில் வேலை பார்க்கும் சால்வடோரின் பெரியப்பா மகன், ரமிரோ. அவனுக்கு நடந்தது.

ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை. விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடம். பள்ளத்தாக்குச் சாலையில் ரமிரோவின் பிக்கப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இழுவண்டியில் அலுமினியப் படகு. பத்தொன்பது வளைவுகள்... ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் வறண்ட ஓடை. கீழே... வெகு ஆழத்தில்.

பக்கத்து இருக்கையில் தாவோ உட்கார்ந்திருக்க வேண்டும். தாவோ, ரமிரோவின் மனைவி லெத்தீசியாவின் தம்பி. ஏரிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். அன்று நான்கு முறை அடித்தும் அவன் போனை எடுக்கவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டு ரமிரோ தனியாகக் கிளம்பிவிட்டான்.

முந்தின நாள்தான் மீன்துறை லாரி வந்து ஏரியில் ட்ரவுட் மீன்களைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மறுநாள் இருட்டிலேயே கிழட்டுப் பாஸ் மீன்கள் ஆழத்திலிருந்து ஏறி வரும். முழங்கை நீள ட்ரவுட்டை அப்படியே விழுங்கும் வாய் அது. அதற்கு முழங்கை நீளப் பொய்மீனைத்தான் போட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் தாவோ போனில், "நானும் வரட்டுமா மச்சான்?" என்று கேட்டிருக்கிறான். "தண்ணி செத்துக் கிடக்குதுடா, வராத" என்று சொல்லிவிட்டு, அதே காலையில் ஏரியின் ஒரு முனையில் ரமிரோ பதினான்கு பவுண்டு மீனைத் தூக்கினான். தூண்டில் கடைச் சுவரில் படம் ஏறிய பிறகுதான் தாவோவுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் லெத்தீசியா இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தமாலே பரிமாறிச் சேர்த்து வைத்தாள்.

சரி. நாலரைக்குக் கதவு திறந்தது. முதல் வண்டி ரமிரோவுடையது. அதற்குப் பின்னால் வண்டியே இல்லை.

படகை இறக்கி, மின்மோட்டாரைத் தட்டி, அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தான். தண்ணீர்மேல் பனி மூட்டம் துணி துணியாகக் கிடந்தது. தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நூல் கரகரத்தது. பொய்மீனை வீசினான். தொப். மெதுவாகச் சுற்றினான். மரத்தில் செய்தது அது, நடுவில் மூட்டு. தண்ணீருக்குள் டக்... டக்... என்று அதன் வால் ஆடுவது கைக்குத் தெரிந்தது.

அப்போது இன்னொரு 'தொப்'.

காதுக்குப் பக்கத்தில் கேட்டது போல் இருந்தது. நெற்றி விளக்கைத் திருப்பினான். பக்கத்தில் யாரும் இல்லை. நூறடி தள்ளி... ஒரு படகு. அதில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். இரண்டு கையாலும் கோலைப் பிடித்து, இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், முழு உடம்பையும் சுழற்றி வீசினான். அப்படி வீசுகிறவன் ஒருவன்தான்.

தண்ணீர்மேல் ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. கையில் மனித வாடை இருந்தால் மீன் ஒதுங்கும் என்று தாவோ எப்போதும் ஆரஞ்சுத் தோலைத் தேய்த்துக்கொள்வான்.

"டேய் தாவோ! எப்படா வந்த? யார் படகு?"

அவன் திரும்பினான். தாவோதான். கோலைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. நூறடியில் தண்ணீர்மேல் கிசுகிசுத்தாலும் கேட்கும்... ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை.

ரமிரோவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"மச்சான்! நீங்க அடிச்சதே கேக்கல, அசந்து தூங்கிட்டேன்."

தாவோவின் குரல். பின்னால் வண்டி ஹீட்டரின் இரைச்சல்... ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ரமிரோ எதிரே பார்த்தான். எதிரே நின்றவனின் இரண்டு கையும் மேலே இருந்தன. அவனிடம் போன் இல்லை.

"எங்கடா இருக்க?"

"வளைவு ஆரம்பிச்சாச்சு. இருபது நிமிஷம்."

"தாவோ... வண்டியை ஓரமா நிறுத்து. வராத. திரும்பிப் போயிடு."

போனில் சிரிப்பு.

"ஓஹோ... மறுபடியும் தண்ணி செத்துப்போச்சா?"

"அய்யோ, அது இல்லடா..."

"எத்தனை பவுண்டு? உண்மையைச் சொல்லுங்க."

"மீனே இல்லடா, மாதா மேல சத்தியம்! நீ இங்க நிக்கிற. என் கண்ணு முன்னாடி நிக்கிறடா, கையை ஆட்டுற... எனக்குப் பயமா இருக்கு. நிறுத்துடா வண்டியை!"

"போன வருஷம் சின்னப் பொய்யா இருந்துச்சு. இந்த வருஷம் பேயையே கூட்டிட்டு வந்துட்டீங்க."

"லெத்தீசியா மேல சத்தியமாச் சொல்றேன்..."

"அக்கா மேல சத்தியம் பண்ணாதீங்க மச்சான்." குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒரு மீனுக்காக அக்காவையா இழுப்பீங்க? இருங்க... பத்தே நிமிஷத்துல வந்து நிக்கிறேன்."

என்ஜின் உறுமியது. டயர் கிறீச்சிட்டது, ஒரு முறை... இன்னொரு முறை. "மெதுவாடா! மெதுவா!" என்று ரமிரோ கத்தினான். அவ்வளவுதான். மோதல் சத்தம் எதுவும் இல்லை. போனில் சிக்னல் போய்விட்டது. திரையில் மணி ஐந்து இருபத்தைந்து.

எதிரே அவன் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ரமிரோ மோட்டாரை முழு வேகத்தில் வைத்து அவனை நோக்கி ஓட்டினான். படகின் முனையில் தண்ணீர் சீறியது. கரையில் இருந்த பாறைகள் பின்னால் நகர்ந்தன... ஆனால் அந்தப் படகு மட்டும் அதே நூறடியில் நின்றது. அது நகரவும் இல்லை, இவன் நெருங்கவும் இல்லை. "வந்துட்டேன்டா... வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே போனான். தாவோவின் வாய் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. இடுப்புவரை சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருப்பது விளக்கில் தெரிந்தது.

பேட்டரி செத்தது. துடுப்பை எடுத்து வலித்தான். தோள் இற்றுப்போகும்வரை வலித்தான். நூறடி... அதே நூறடி.

கடைசியில் தாவோ கையை இறக்கினான். சலித்துப்போனவன் இறக்குவது போல. அப்படியே படகில் உட்கார்ந்தான். பனி மூட்டம் மூடியது. அது விலகியபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது.

பதிமூன்றாவது வளைவில் கம்பித் தடுப்பு பிய்ந்து கிடந்தது. ரமிரோ கரையேறி அங்கே போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் வந்துவிட்டன. வறண்ட ஓடையில் கவிழ்ந்து கிடந்தது வண்டி. அந்த ஓடையில் மூன்று வருடமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஏரியில் பார்த்ததை ரமிரோ யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? போனில் தான் பேசிய பேச்சால்தான் அவன் வேகமாக வந்தான் என்பதை எந்த வாயால் சொல்வது?

தாவோவின் ஆன்மாவுக்காக வீட்டில் நடந்த ஒன்பது நாள் ஜெபம் முடிந்த இரவு, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சமையலறையில் லெத்தீசியா தானாகவே பேசினாள்.

"அன்னிக்கு விடியக்காலம் அவன் இங்க வந்தான்."

"யாரு?"

"தாவோ. பின் கதவைத் தட்டினான். அடுப்புக் கடிகாரத்துல மணி அஞ்சு இருபத்தஞ்சு. ஒரேயடியா நனைஞ்சிருந்தான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான். 'மச்சானைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்க்கா... அவரும் வந்துக்கிட்டேதான் இருந்தாரு... எட்டவே இல்ல'ன்னான். எனக்கு ஒண்ணும் புரியலை. 'குளிருதுக்கா, துண்டு குடு'ன்னான். குடுத்தேன். முகத்தைத் துடைச்சுட்டுப் படியிலயே வெச்சுட்டுப் போயிட்டான்."

அவள் அழவில்லை. எழுந்து பின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். கொடியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. அதற்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு கறுப்பு ஈரம்.

"ஒம்பது நாளா வெயில்ல கிடக்குது" என்றாள். "தினமும் பிழியறேன்."

ரமிரோ அருகில் போனான். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டாக. ஏரிச் சேறு வாடையோடு.