ஆரஞ்சுப் பொடி

ஜிம் பசங்க புரோட்டீன் பொடி கலக்கிக் குடிக்கும் ஷேக்கரைக் கழுவுவது பெரிய வேலை, சார். மூடி இடுக்கில் வாடை தங்கிவிடும். பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க வேண்டும். என் தம்பி இனியவனின் ஷேக்கரை ஆறு வருடமாக நான்தான் கழுவுகிறேன்.

அவனுக்குப் பொடி விற்ற அம்மாவாசையை நீங்கள் ஸ்டேஷனில் பிடித்து உட்காரவைத்திருப்பதால்தான் வந்தேன். அவரை விட்டுவிடுங்கள். அந்த டப்பாவில் இருப்பது அவருடைய பொடி இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஜூஸ் கலக்கும் ஆரஞ்சுப் பொடியை நிரப்பிவைத்தேன்.

அம்மா போன பிறகு முதலியார்பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் ஜிம்முக்குப் போனால், திரும்பி வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமென்று டிவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பேன். பளு தூக்கும் போட்டியில் ஜெயித்தால் அவனுக்குப் பெங்களூருவில் கோச் வேலை. தோற்றால் இங்கேயே இருப்பான். பொடி இல்லாவிட்டால் பலம் குறையும் என்று நினைத்தேன்.

குறையவில்லை. ஒரு நாள் வியர்வையோடு வந்து நின்றான்.

"யக்கா, இந்த டப்பா செம்ம. எண்பது கிலோவ தலைக்கு மேல தூக்கிட்டேன்."

"எறும்பு மொய்க்குதேடா அதுல."

"எறும்புக்கும் கொஞ்சம் கட்டு ஏறட்டும், வுடுக்கா."

அவனுடைய கோச் விக்ரமிடம் விசாரித்தேன். "பாதி பொடி, பாதி நம்பிக்கைக்கா" என்று சிரித்தார். முழுக்கவே நம்பிக்கை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சாக்கடையில் கொட்ட முடியாதே.

அம்மாவின் பிரஷர் மாத்திரை மிச்சமிருந்தது. போட்டியன்று காலையில் பொடித்துக் கலந்தேன்.

"இன்னாக்கா, கசக்குது?"

"புது டப்பாடா. குடி."

குடித்தான். நான் கொடுத்த எதையும் அவன் மிச்சம் வைத்ததில்லை.

அசந்துபோவான், தோற்பான், வீட்டுக்கு வந்துவிடுவான், அவ்வளவுதான் நினைத்தேன். மேடையில் பளுக் கம்பி தலைக்கு மேல் இருக்கும்போது அவனுக்குக் கண் சொருகியது. கம்பி கழுத்தில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று கோரிமேடு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அழுதேன், சார். ஆனால் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றுதான், அம்மா போன பிறகு முதல் முறையாக, நன்றாகத் தூங்கினேன்.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளை அவனோடு உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐந்து மணிக்கு ஜூஸ் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டான். அவனுக்கு என்மேல்தான் நம்பிக்கை.