‘நான்’ என்று சொல்ல வராத மனிதர்

மேடையில் கனத்த மனத்தோடு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பணிமனைப் பொறியாளர் அவர்களே, வேலை உடுப்போடு அப்படியே ஓடி வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் என் அண்ணி அவர்களே!

என்னவென்று பேசுவேன்? லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் மாடி ஏறியே தேய்ந்த மனிதரைப் பற்றியா? அவர் போகிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால்தானே ‘படிக்கட்டு’ என்று பெயர் வைத்தோம்! அந்தப் படிக்கட்டு அண்ணன் இன்று நம்மிடையே இல்லை.

குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் வேலை இல்லாமல் விமானம் ஏறக் கூடாது என்பது அவர் பிடிவாதம். மைத்துனர் ஒருநாள், “மாமா, முதல்ல கிளம்புங்க. அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்றார். அண்ணன் விட்டாரா? “பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போய், எதைடா பார்க்கிறது?”

வேலை ஏன் தள்ளிக்கொண்டே போனது? திறமைக் குறைவா? இல்லை, தோழர்களே! கணினித் திரையில் நேர்காணல் நடக்கும். “இந்தப் பழுதை எப்படிச் சரிசெய்தீர்கள்?” என்பார்கள். “நாங்கள் பிரேக்கைக் கழற்றினோம், நாங்கள் மாற்றினோம்” என்பார். “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றால் மறுபடியும் ‘நாங்கள்’! யாருக்கோ உதவியாள் போலிருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். நான் பொறுக்க முடியாமல் கத்தினேன்: “அண்ணே, ஒரு தடவையாவது ‘நான்’னு சொல்லித் தொலைங்க!”

“நீ பக்கத்துல டார்ச் அடிச்சுட்டு நின்னியே, அது யாருடா?” என்றார்.

அண்ணிதான் விடவில்லை. சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். ‘நாங்க’ என்று வாயைத் திறந்தால் டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். எத்தனை டீ ஆறிப்போனதோ! கடைசியில் ‘நான்’ வந்தது. வேலையும் வந்தது. குடும்பம் முழுவதற்கும் அனுமதி வந்தது.

போன வாரம் ஒரு பழுதைச் சரிசெய்து முடித்துவிட்டு, மேல்மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. இது என்ன நியாயம்? அவர் வேலையை நம்பித்தான் குடும்பத்தின் பயணம். அவர் போனார், அதுவும் போயிற்று. எனக்கு ஆறவில்லை, தோழர்களே, ஆறவே இல்லை!

நம் அண்ணி பல்செட் செய்யும் கூடத்தில் தேர்ந்த தொழிலாளி. நேற்று என்னிடம் சொன்னார்: “இனி அந்த நாட்டுல வேலை எனக்குத்தான் தேடணும், தம்பி. அழுகையா வருது. ஆனா தேடணும்.”

அண்ணி! சபையறியச் சொல்கிறேன். உங்கள் தொழிலுக்கேற்ற வேலை, உங்கள் பெயரிலேயே கிடைக்கும்வரை இந்தச் சங்கம் ஓயாது. அது உறுதியாகாமல் உங்களையும் பிள்ளைகளையும் அனுப்பவும் மாட்டோம்!

அண்ணே, உங்களை விமான நிலையத்தில் வழியனுப்பத்தான் இன்றைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். அந்த விடுப்பில்தான் இங்கே வந்து நிற்கிறேன்.