முப்பதாவது பெயர்

நான் ஒழுங்கான வேலைக்காரன் என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் நிவாரண அலுவலகத்தில் இரண்டு கணனிகள் இருந்தன. சின்னது டொஸில் ஓடும், பெரியது யுனிக்ஸில். இரண்டிலும் தரவுத்தள மென்பொருள் ஒன்றுதான், கோப்பை அழிக்கும் விதம்தான் வேறு. திறந்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால் சின்னது மறுத்துவிடும். மூடிவிட்டு அழித்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பெரியது மறுக்காது. கோப்பு போய்விடும், ஆனால் தரவுத்தளத்தை மூடும்வரை திரையில் பெயர்கள் தெரிந்துகொண்டே இருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொழும்புக்கு நோயாளரை ஏற்றும் கப்பலில் முப்பது இடம். தாளும் அச்சு ரிபனும் போரினால் தடைசெய்த சாமான்கள், ஆகவே கப்பல் புறப்படும் நாளில்தான் பட்டியலை அச்சடிப்போம். முப்பதாவதாக என் மனைவி இராசாத்தி இருந்தாள். சாவகச்சேரியிலிருந்து வந்த டொக்டர் அவளை எடுத்துவிட்டு, குருநகர்ப் பேதுருவின் ஒன்பது வயது மகள் மரியநாயகியைப் போடச் சொன்னார். என் கையாலேயே அடிக்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருத்திய பட்டியல் பெரிய கணனியில் இருந்தது, பழையது சின்னதில். டொக்டர் அன்றே திரும்பிவிட்டார்.

கப்பலுக்கு முதல் நாள் பின்னேரம், பட்டியல் திரையில் திறந்திருக்கவே பெரியதிலிருந்த கோப்பை அழித்தேன். சற்று நேரத்தில் பேதுரு சைக்கிளில் வந்தார்.

"தம்பி, பிள்ளையின்ரை பேர் கிடக்கோ?"

"ஓம் அண்ணை, வந்து பாருங்கோ."

அவர் விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார். பெயர் அங்கே இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவர் போனதும் தரவுத்தளத்தை மூடி, ஜெனரேற்றரை நிறுத்தினேன்.

காலையில் பெரியதில் பட்டியல் இல்லை; பொறுப்பாளர் நடராசா பிழையை என்னையே தேடச் சொன்னார். இரண்டு மணி நேரம் முறைப்படி தேடினேன்.

"ஒண்டும் வராதோ?"

"வராது ஐயா. சின்னதிலை பழைய பட்டியல் கிடக்கு. ஆக்கள் அதேதான்."

"அப்ப அதை அடியும். கப்பல் நிக்காது."

பருத்தித்துறையில் பெயர்களை வாசித்தபோது பேதுரு பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றார். "என்ரை கண்ணாலை கண்டனான். தம்பிதான் காட்டினவர்" என்று என் பக்கம் திரும்பினார்.

"வேறை ஆரின்ரையோ பேராய் இருந்திருக்கும் அண்ணை" என்றேன்.

இராசாத்திக்குக் கண்ணில் புரை. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள். மரியநாயகிக்கு இருதயத்தில் வால்வு பழுது. கப்பல் போன பத்தொன்பதாம் நாள் செத்துப்போனாள்.

அடுத்த கப்பல் இருபத்தோராம் நாள் வந்தது. அதற்கான பட்டியலில் அவளை முதலாவதாக நானே அடித்து வைத்திருந்தேன். என்னால் ஆனதைச் செய்தேன். இரண்டே இரண்டு நாள், அந்தப் பிள்ளைதான் பொறுக்கவில்லை.