இரண்டு விசில்

குழு விளையாட்டு என்று சுற்றறிக்கை போட்டால் பாதிப் பேருக்கு அன்றைக்கே தலைவலி வந்துவிடும். அது விளையாட்டின் தப்பில்லை, நடத்துகிறவர்களின் தப்பு. பலூன் ஊது, கயிறு இழு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போ என்று முடித்துவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் அவரவர் அவரவர் மூலையில். நான் நடத்தினால் அப்படி இருக்காது. இரும்பு அலமாரி செய்யும் எங்கள் கம்பெனியில் நான்கு வருடமாக ஊழியர் நலப் பிரிவை நான்தான் பார்க்கிறேன்.

முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் ஓர் இடத்தை மட்டும் திருத்த வேண்டும். மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான், பேக்கிங்கில். நான் மாடியில் தபால் பிரிவில் இருந்தேன். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு விளையாட்டு வைத்தார்கள். மேசைமேல் ஏறி, கண்ணை மூடி, முதுகுப் பக்கமாகச் சாய வேண்டும். கீழே எட்டுப் பேர் இரண்டு வரிசையாகக் கை கோத்து ஏந்திக்கொள்வார்கள். தலைமாட்டில் நின்றவர் கிடங்கு மேஸ்திரி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி வருவதற்குள் தம்பி சிமெண்ட் தரையில் கிடந்தான். அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

"மேஸ்திரியைக் குத்தம் சொல்லாதக்கா" என்பான் தம்பி. "நான்தான் ஜோக் அடிச்சு எல்லாரையும் சிரிக்க வச்சேன். அவங்க ரெடின்னு சொல்றதுக்குள்ள விழுந்துட்டேன். அவர் ஒருத்தர்தான் பாஞ்சு வந்தார். அவர் மணிக்கட்டு ஒடிஞ்சதை நீயும்தானே பார்த்த?"

என் தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடித்தவனுக்கே வக்காலத்து வாங்குவான். மணிக்கட்டு ஒடிந்தது உண்மைதான். சிரித்ததும் உண்மைதானே. நான் என் கண்ணை நம்புகிறவள்.

மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியின் சீட்டுகளை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆடுவார்.

"ராணியைப் போடவா மாப்ளே? வேணாம்னா கண்ணைச் சிமிட்டு."

"உங்க சீட்டை முதல்ல மறைங்க மேஸ்திரி. எல்லாம் தெரியுது."

"தெரிஞ்சும் தோக்கறியே, அதைச் சொல்லு."

இருவரும் சிரிப்பார்கள். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். குற்றம் செய்யாதவர் எதற்காக ஐந்து வருடம் வாராவாரம் வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

நலப் பிரிவை நான் கேட்டு வாங்கினேன். கிடங்கு ஆட்களிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அலமாரியை எட்டுப் பேர் தூக்கும்போது ஒரு விசில் கேட்டால் தூக்க வேண்டும். இரண்டு விசில் என்றால் பாரம் சரிகிறது என்று அர்த்தம். உடனே கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போய்விட வேண்டும், இல்லையென்றால் கால் போய்விடும். நல்ல வழக்கம். ஆனால் சரியாகப் பழகாமல் இருந்தார்கள். யோசித்தார்கள்.

அதைத்தான் விளையாட்டாக்கினேன். பந்து கைமாற்றினாலும், நாற்காலி தூக்கினாலும், தண்ணீர்க் குடத்தோடு நடந்தாலும் இரண்டு விசில் கேட்டால் விட்டுவிட வேண்டும். நெட்டை என்று ஓர் ஆள், அவன்தான் கடைசியாக விடுவான்.

"குடம் உடைஞ்சிடுமே மேடம்."

"உடையட்டும். நீ யோசிக்கிற நேரத்துல பக்கத்துல நிக்கிறவன் கால் நசுங்கிடும்."

ஏகப்பட்ட குடம் உடைந்தது. இரண்டு வருடத்தில் நெட்டையும் தேறிவிட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே எட்டு ஜோடிக் கால்களும் ஒன்றாகப் பின்னால் போகும். கிடங்கில் அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு விரல்கூட நசுங்கவில்லை. நிர்வாகம் எனக்குக் கேடயம் கொடுத்தது. மேஸ்திரியே மேடையேறிப் பேசினார். "எலியும் பூனையுமா இருந்தவங்க மேடம் இவங்க. இப்ப ஒரு தட்டுல சாப்பிடுறாங்க" என்றார்.

அதன்பிறகு மேசையைக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொருவராக ஏறி விழுந்தார்கள். மற்றவர்கள் பூப்போல ஏந்தினார்கள். மேஸ்திரி மட்டும் ஏறவில்லை.

"என்னை விட்டுடுங்க மேடம். அந்த மேசையைப் பார்த்தாலே தம்பி விழுந்ததுதான் கண்ணுல நிக்குது."

"தம்பி ஆசைப்பட்டான். மேஸ்திரி ஒருதடவை விழுந்து எழுந்தா என் மனசு ஆறும்னான்."

"அவனா சொன்னான்?"

"அவனேதான்."

தம்பி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாதா?

"அப்ப ஏறிடறேன்" என்றார்.

கீழே விரித்திருந்த மெத்தையை எடுக்கச் சொன்னேன். மெத்தை இருந்தால் நம்பிக்கை எப்படி வளரும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், மேஸ்திரியும்தான். தலைமாட்டில் நெட்டை நின்றான். ஒரு விசில் ஊதினேன், கைகள் நீண்டன. மேஸ்திரி கண்ணை மூடிச் சாய்ந்தார். இனி அவரால் நிமிர முடியாது என்ற அளவுக்குச் சாயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு இரண்டு விசில்.

ஒருவர்கூடப் பிந்தவில்லை.

மேசை ஆடியது, பயத்தில் ஊதிவிட்டேன் என்று முதலில் சொல்லியிருந்தேன். அதைத்தான் திருத்த வேண்டும். மேசை ஆடவில்லை. நானும் பயப்படவில்லை.

நெட்டை உங்களிடம் வந்து, "என் கைதான் சார் விட்டுச்சு, என்னை உள்ளே போடுங்க" என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். எட்டுப் பேருமே அவரைப் பிடிக்கத்தான் நின்றார்கள். இப்போது எவனாலும் தன் குழந்தையைத் தூக்க முடியவில்லையாம். அது நாளாக ஆகச் சரியாகிவிடும். மேஸ்திரியைத் தொடாமலே அவரைக் கொன்றவள் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இரண்டு ஞாயிறாகத் தம்பி சாப்பிடாமல் முரண்டு பிடிக்கிறான். "மேஸ்திரி ஏன்க்கா வரல? நான் ஏதாவது சொல்லிட்டேனா?" என்று கேட்டுக்கேட்டு அழுகிறான். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்; ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை மனம்விட்டுச் சிரிக்கட்டும்.