கொக்கு அண்ணனின் இடைவெளிகள்

தலைமை ஏற்றிருக்கும் இசைப்பள்ளி முதல்வர் அவர்களே, மேடையில் இருக்கும் என் குழுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியே, மகளே, எங்கள் இசைத்தட்டுகளை விரும்பியும் திட்டியும் கேட்ட அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பின்னால் நின்றே பழகியவன். முன்னால் நிற்க வேண்டியவர் அதோ படமாக இருக்கிறார்.

சாக்ஸபோன் மேதை என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். தகும். ஆனால் எங்களுக்கு அவர் கொக்கு. ஒரு காலை ஸ்பீக்கர் பெட்டிமேல் தூக்கி வைத்து, மறு காலில் நின்று ஊதுவார். அதனால் வந்த பெயர். கோபம் வந்தால் கொத்தவும் செய்வார்.

எங்கள் முதல் இசைத்தட்டு 'ஈரச் சுவர்'. சலவைக்கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் பதிவு செய்தோம். மேலே இயந்திரம் துணி பிழியத் தொடங்கினால் கூரையே அதிரும்.

"போய் நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் டிரம்மர்.

"வேணாம்டா. அதோட சண்டை போடு" என்றார் கொக்கு.

டிரம்மர் சண்டை போட்டார். ராக் தாளம் ஒரு பக்கம் ஓட, ஜாஸ் மறு பக்கம் இழுக்க, அத்தனைக்கும் மேலே விடாமல் ஊதினார் அண்ணன். அந்தத் தட்டில் ஊசி குத்த இடம் உண்டா? கேட்டவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

அடுத்தடுத்த தட்டுகளில் எங்கள் ஒலி மாறியது. ஏன் மாறியது? அண்ணனின் ஊதல் குறைந்தது. நாலு சுரம், ஒரு நிறுத்தம். பிறகு இரண்டே சுரம், நீண்ட நிறுத்தம். முதிர்ச்சி என்று பத்திரிகைகள் எழுதின. நாங்களும் நம்பினோம். கிட்டார்காரர் காத்திருக்கப் பழகினார். நான் பாதிச் சுரங்களைக் கைவிட்டேன். அந்த இடைவெளிகளைப் பார்த்து எத்தனை குழுக்கள் கிளம்பின? சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள்.

நாம் பாணி என்று கொண்டாடியது நுரையீரல் நோய், தோழர்களே. கடைசிப் பதிவுக்குப் பிறகு, மருத்துவமனை நடைபாதையில் அண்ணி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

"ஏன் அண்ணி மறைச்சீங்க?"

"சொன்னா இவனுங்க எனக்காக மெதுவா வாசிப்பானுங்க, அந்தக் கண்றாவியக் காது கொடுத்துக் கேக்க முடியாதுன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

மூச்சு குறையக் குறைய, மிச்சமிருந்ததற்கு ஏற்ப இசையை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். பெருமைப்படுவதா, அழுவதா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னும் வெளிவராத கடைசித் தட்டின் கடைசிப் பாட்டில் நடுவே நிறுத்தினார். வழக்கமான இடைவெளி என்று நினைத்து, பிரமாதம் என்று தலையாட்டிக்கொண்டே அடுத்த சுரத்துக்குக் காத்திருந்தோம். அவர் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். அதன்பிறகு சாக்ஸபோனைத் தொடவில்லை.

இன்று வாசலில் நம் ஒலிப்பதிவாளர் என்னை நிறுத்தினார். "ரெக்கார்டு கம்பெனியில கேக்கறாங்கண்ணே. 'ஈரச் சுவர்'ல அண்ணன் ஊதுனத எடுத்து, கடைசிப் பாட்டுல அவர் நிறுத்துன இடத்துல வச்சிரலாம். ஒட்டுப் போட்டதே தெரியாது."

பக்கத்தில் நின்ற அண்ணன் மகள் என் கையைப் பிடித்தாள். "வைங்க சித்தப்பா. அப்பா நல்லா இருந்தப்ப ஊதுனதுதானே?"

மகளே, உனக்கான பதிலை இங்கே சொல்கிறேன். நன்றாக இருந்த அப்பா 'ஈரச் சுவரில்' இருக்கிறார். அங்கிருந்து அவரைப் பிய்த்து இங்கே ஒட்ட மாட்டோம். குழு கலையாது. வேறொருவர் வந்து ஊதுவார். யாருக்காகவும் மெதுவாக வாசிக்க மாட்டோம். இது அண்ணனுக்கு நாங்கள் தரும் வாக்கு.

அந்தப் பாட்டு பதிவானபடியே வெளிவரும். சுரம் நின்றபின் அவர் மூச்சுக்குத் திணறுவது மைக்கில் விழுந்திருக்கிறது. அதையும் வெட்ட மாட்டோம். அண்ணியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று தலையசைத்தார். இப்போது அந்தப் பாட்டை இங்கே ஒலிக்க விடப்போகிறோம். அந்த இடம் வரும்போது நீ எழுந்து வெளியே போய்விடு மகளே, தப்பில்லை. நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.