ஏரிக்கரையில் எவ்வளவு நேரம்

— அருவியைத் தர்றேன். மலை மேல சூரியன் மறையறதைப் பார்க்கிற இடம், அதையும் தர்றேன். அதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது.

— ஏங்க, நான் உங்க பொண்டாட்டி. கர்ட்டன் துணி வாங்க வந்த ஆள் இல்ல. ஊர் சுத்தப் போறதுக்குக் கூடவா இப்படி இழுப்பீங்க?

— கடையிலேயே பொறந்து கடையிலேயே வளர்ந்தவ நீ. ஆறு இடம் கேட்ட. அதுல பாதி நான் வெட்டட்டும்னே போட்டது. எனக்குத் தெரியாதா?

— எது அப்படிப் போட்டது? சொல்லுங்க பார்ப்போம்.

— பழைய கோட்டை. முட்டி வலிக்குதுன்னு நம்ம மாடியே ஏற மாட்டேங்கிற. கோட்டை ஏறப் போறியா?

— சரி, கோட்டையை எடுத்துடுங்க.

— பார்த்தியா, முகத்துல வருத்தம்னு பேருக்குக் கூட இல்ல. அடுத்து, பறவைங்களைப் பார்க்கணுமாம். கடைக்குள்ள ஒத்தைப் புறா வந்ததுக்குத் தெருவையே கூட்டின மகாராணி.

— புறா வந்ததுக்கு இல்லீங்க, புதுச் சரக்கு மேல அது பண்ணின வேலைக்கு. சரி, பறவையும் போகட்டும். குகை?

— குகைக்குள்ள என்ன இருக்கு? இருட்டு. அது நம்ம கோடவுன்லயே வேணுங்கிற அளவு இருக்கு.

— குகையும் வேண்டாம். இப்ப மூணு விட்டுக்கொடுத்திருக்கேன். நீங்க ஒண்ணே ஒண்ணு இறங்கணும்.

— வந்துட்டா. இந்த ஒண்ணுக்குத்தானே அந்த மூணையும் அடுக்கி வெச்ச. அது எதுன்னும் எனக்குத் தெரியும்.

— எது?

— மேப்ல உன் விரல் ரொம்ப நேரமா எங்க இருக்கு?

— கை வலிச்சுது, வெச்சேன்.

— சரியா ஏரிக்கரை ஊர் மேலதான் வலிக்குமா? கையை எடு, நான் டேப் வெச்சு ரோட்டை அளக்கணும்.

— துணி அளக்கிற டேப்பை வெச்சு மலைப்பாதையை அளக்கிற ஒரே மனுஷன் நீங்கதான். அது வளைஞ்சு வளைஞ்சு போகுதுங்க.

— டேப்பும்தான் வளையும். நீ பேச்சை மாத்தாதே. ஏரியில என்ன விசேஷம்?

— அழகான ஏரி. கரையெல்லாம் மரம். அந்த வழியாப் போறவங்க எல்லாரும் நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க.

— கரையில இன்னொண்ணும் இருக்கே. கொட்டை எழுத்துல ஒரு போர்டு. ‘ஒரே விலை. பேரம் கிடையாது.’

— உங்க பொண்ணு கடைங்க அது.

— என் பொண்ணா? எட்டு வயசுல கல்லாப்பெட்டி மேல உட்கார்ந்துக்கிட்டு ஒரு விலை சொல்லுவா. ஆள் எழுந்து வாசல் வரைக்கும் போவான். செருப்புல கால் விடற நேரம் பார்த்துக் கூப்பிட்டு இன்னொரு விலை சொல்லுவா. அப்படிப்பட்டவ தனியாக் கடை போட்டு அந்த போர்டை மாட்டறா. எங்கப்பா, எங்க தாத்தா, நான், எல்லாரையும் ஒரே வரியில திருடன்னு எழுதின மாதிரி இருந்துச்சு.

— போர்டு மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. பேரன் பொறந்து மூணு மாசம் ஆச்சு. அவன் மூஞ்சிய நாம இன்னும் பார்க்கல. நீங்க போர்டைப் படிக்க வேண்டாம், குழந்தையைப் பாருங்க.

— அவ கூப்பிட்டாளா?

— ‘அப்பா முதல்ல வர்றேன்னு சொல்லட்டும்’ங்கிறா.

— ‘அவ முதல்ல வாங்கன்னு சொல்லட்டும்’ங்கிறேன்.

— நல்லா இருக்கு. முதல் விலையை எதிர்ல இருக்கிறவங்க சொல்லட்டும்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நடுவுல அந்தக் குழந்தை நடக்கவே ஆரம்பிச்சுடும்.

— முதல்ல வாயைத் திறந்தா நமக்குத்தான் அடி. சரி சரி, மூஞ்சியத் தூக்காதே. அங்க எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?

— ஒரு ராத்திரி தங்கணும்.

— ஒரு ராத்திரியா? அஞ்சு நிமிஷம் தர்றேன். இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும்.

— அஞ்சு நிமிஷத்துல குழந்தை கொட்டாவியே விட்டு முடிக்காது. அரை நாள்.

— பத்து நிமிஷம். நீ இறங்கி ஏரியைப் பார்த்துட்டு வா. போற வழியில எந்த வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தேன்னு நான் கேக்க மாட்டேன்.

— நீங்க?

— நான் காருக்குப் பக்கத்துல நின்னு டயரைப் பார்ப்பேன்.

— டயர்ல பார்க்க என்ன இருக்கு?

— காத்து.

— ரெண்டு மணி நேரம் குடுங்க. அருவியைத் திருப்பித் தந்துடறேன்.

— சூரியனையும் சேர்த்துத் தா. அரை மணி.

— மொத்தத்தையும் வாங்கிக்கிட்டு அரை மணிதானா? மனசு வரலையேங்க உங்களுக்கு.

— கட்டலைன்னா விட்டுடு. ஏரியையே எடுத்துடலாம். குறுக்கு ரோட்டுல நேரா மலைக்குப் போயிடுவோம்.

— எடுத்துடுங்க.

— என்ன?

— எடுத்துடுங்கன்னேன். எனக்கும் ஒண்ணும் அவ்வளவு ஆசை இல்ல.

— ஏய், எங்க எழுந்து போற? இதெல்லாம் என்கிட்டயேவா? கூப்பிடுவேன்னு பார்க்காதே.

— நீங்க ஒண்ணும் கூப்பிட வேண்டாம்.

— செருப்பு கூட மாட்டறா பாரு. இந்தா, முக்கா மணி. கேக்குதா? முக்கா மணி.

— அண்ணே, வரலாமா? அண்ணி ஏன் வாசல்லயே நிக்கறாங்க?

— வா மெக்கானிக்கு. அவ காத்து வாங்கறா. வண்டி ரெடியா?

— பிரேக் பார்த்தாச்சு, ஆயில் மாத்தியாச்சு. டிக்கியிலதான் ஸ்டெப்னி வைக்க இடமில்ல.

— தம்பி, டிக்கி கதையெல்லாம் அப்புறம் பேசலாம். நீங்க போய்ட்டு வாங்க.

— ஆமாமா, அவ சொல்றதுதான் சரி. அப்புறமே பேசலாம். கிளம்பு நீ.

— இல்லண்ணே, இனிமே என்னால முடியாது. முதல் நாள் அண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’னு குழந்தைத் துணி ஒரு மூட்டையும் குட்டி மெத்தை ஒண்ணும் டிக்கியில வெச்சுட்டுப் போனாங்க. மறுநாள் நீங்க ஒரு மரத் தொட்டிலைத் தூக்கிட்டு வந்து, ‘அவளுக்குத் தெரிய வேண்டாம்’னீங்க. நீங்க டிக்கியைத் திறந்துடக் கூடாதேன்னு நானே வாங்கி வெச்சேன்.

— தொட்டிலா? டயர்ல காத்து பார்க்கப் போறவருக்கு எதுக்குங்க தொட்டில்?

— விலை படிஞ்சுது, வாங்கிப் போட்டேன். அவ்வளவு ஆசை இல்லாதவளுக்கு மெத்தை எதுக்கு?

— ஏரிக்கரையில உட்காரலாம்னு.

— அந்த மெத்தை தொட்டிலுக்குக் கச்சிதமா இருக்குண்ணே. நான் போட்டே பார்த்துட்டேன்.

— நீ பேசாம இருடா. இதை வெளியில யார்கிட்டயாவது உளறினியா?

— ரெண்டு பேர் ரகசியத்தை ஒருத்தன் எத்தனை நாள் வயித்துல வெச்சுக்கறது? ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன். போன்ல. ஏரிக்கரைக் கடைக்கு.

— ஐயோ தம்பி. அவ என்ன சொன்னா?

— அண்ணி, மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஜலதோஷமாம்மான்னேன். ஆமான்னுச்சு.

— அதை விடு. இங்க நாங்க அரை மணியா முக்கா மணியான்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். எவ்வளவு நேரம் இருக்கலாம்னு ஏதாவது வாயைத் திறந்தாளா?

— திறந்துச்சுண்ணே. பத்து நாளாம். பேரம் கிடையாதாம்.