இரண்டு சாம்பல் கட்டைகள்

— தொண்ணூத்தஞ்சு இல்ல அங்கிள். தொண்ணூறு. சத்தியமா தொண்ணூறு.

— அதெப்படி ஓஸ்வால்ட் அடிச்சுச் சொல்றே? பெட்டியும் இல்ல, பில்லும் இல்ல. இந்த வீட்டுக்காரன் நானு. நான் சொல்றேன், தொண்ணூத்தஞ்சு.

— வாரம் பூரா பேங்க் கவுண்டர் அங்கிள் எனக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா லெகோ, இந்தப் பிளாஸ்டிக் கட்டைங்கதான். பார்த்தா வருஷம் தெரிஞ்சிடும். தொண்ணூத்தி மூணு கோட்டைன்னா பச்சை டிராகன் இருக்கணும். தொண்ணூத்தஞ்சுன்னா எலும்புக்கூடு. தொண்ணூத்தேழுன்னா சூனியக்காரி. இங்க பாருங்க, உள்ள யாரு நிக்கிறது? வெள்ளைப் பேய். இந்தக் கோட்டைக்குள்ள பேய் இருந்தா அது தொண்ணூறு.

— பேயோ பிசாசோ. எந்த வருஷத்துக்கு ரேட்டு ஜாஸ்தி? அதைச் சொல்லு ஃபர்ஸ்ட்.

— அலெக்ஸ், அந்தத் தம்பி சொல்றதுதான் சரி. தொண்ணூறு கிறிஸ்துமஸ். ஜான் மாமா மஸ்கட்லேர்ந்து கொண்டு வந்தாரு. என் தம்பி க்ளெனுக்கு அப்ப பதினோரு வயசு. லைட்டை அணைச்சதும் அந்தப் பேயை என் தலையணை மேல வச்சிடுவான். இருட்டுல மினுக்கும். நான் மாதாவேன்னு கத்துவேன், அவன் கட்டிலுக்கு அடியில சிரிப்பான்.

— டோரீ, சும்னே அதெல்லாம் எதுக்கு? வந்தவன் பொருளைப் பார்க்கட்டும்.

— பார்க்கட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பல. நீங்களே காட்டுங்க.

— ஏன் ஆண்ட்டி, நீங்க கிட்ட வரமாட்டீங்களா?

— அவன் போனதுலேர்ந்து அந்த ஷோகேஸ் மேல போர்வையைப் போட்டு மூடி வச்சிருந்தேன்பா. ஒன்பது வருஷம். இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து இவருதான் எடுத்தாரு.

— ஒன்பது வருஷமா மூடியேவா? அதான் கலர் இப்படி நிக்குது! வெயில் பட்டிருந்தா பல்லு மாதிரி மஞ்சளாயிருக்கும். அங்கிள், நீங்க கேட்டீங்களே, எந்த வருஷம் பெஸ்ட்டுன்னு. எங்க க்ரூப்ல இதுக்கு ஒரு சண்டையே நடக்கும். அல்சூர்ல நாகேஷ்னு ஒருத்தர், தொண்ணூத்தஞ்சுதான் ராஜான்னு மேஜையைக் குத்துவாரு. நான் ஒத்துக்க மாட்டேன். கோட்டைன்னா தொண்ணூறு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமா இறக்கம். தொண்ணூத்தேழுல பெரிய பெரிய துண்டா போட்டுட்டான், கட்டுறதுக்கு வேலையே இல்ல. ரெண்டாயிரத்து நாலோட நான் கும்பிடு போட்டுட்டேன்.

— நாலுல என்ன ஆச்சு?

— சாம்பல் நிறத்தையே மாத்திட்டாங்க அங்கிள். இது பழைய சாம்பல், அடுப்புச் சாம்பல் மாதிரி லேசா பழுப்பு ஓடும். புதுசுல நீலம் ஓடும், மழை மேகம் மாதிரி. ரெண்டையும் பக்கத்துல வச்சா நிறம் ஒட்டவே ஒட்டாது. உலகம் பூரா லெகோ சேர்க்கிறவங்க அழுதாங்க.

— பொம்மைக்கு அழுதாங்களாம், பொம்மைக்கு! ஆயித்து தம்பி. பிடிச்சிருக்கில்ல? ரேட்டைச் சொல்லு, அட்டைப் பெட்டியில போட்டு எடுத்துட்டுக் கிளம்பு. நாளைக்கு இந்த வீட்டு விஷயமா பெரிய வேலை இருக்கு எங்களுக்கு.

— வீடு மாறுறீங்களா ஆண்ட்டி?

— வீடு போகுதுப்பா. நாளைக்குக் காலையில பத்தரைக்கு நான் கோர்ட்டுல நிக்கணும். என் தம்பியைப் பத்தி ஏழு வருஷத்துக்கு மேல ஒரு சேதியும் இல்ல, யாரும் பார்க்கல, யாரும் கேட்கலன்னு சத்தியம் பண்ணணும். பண்ணினா அவன் செத்துட்டான்னு எழுதிடுவாங்க. அப்பா வச்சிட்டுப் போன வீடு, பாதி அவன் பேருல. அப்புறம் பில்டர் எத்திராஜ் வந்து இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டுவாரு.

— ஸாரி ஆண்ட்டி. எனக்குத் தெரியாது.

— உனக்கு எதுக்குத் தெரியணும்? டோரீ, ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? லிங்கராஜபுரம் முழுக்கக் கேட்டாச்சு, பேப்பர்ல போட்டோ போட்டாச்சு. நான் எங்கெங்க அலைஞ்சேன்னு உனக்கே தெரியும்.

— தெரியும். அலைஞ்சீங்க.

— அப்புறம் என்ன? தம்பி, நீ சொல்லு.

— முழு செட்டுன்னா நல்ல விலையே தர்றேன் அங்கிள். ஆனா ஒவ்வொண்ணா சரிபார்க்கணும். குதிரை இருக்கு, பாலம் இருக்கு, கொடி இருக்கு...

— முழு செட்டு இல்லப்பா. பொய் சொல்லி விற்கக் கூடாது. நடுக் கோபுரத்துல ஒரு ஓட்டை இருக்கும் பாரு.

— ஓட்டையா ஆண்ட்டி?

— ரெண்டு கட்டை கிடையாது. க்ளென் போன அன்னைக்கு நடந்தது. பியூசி ரிசல்ட் வந்திருந்தது, ஃபெயில். இவரு கோபத்துல கோட்டையை எட்டி உதைச்சுட்டாரு. சிதறினதுல ரெண்டை எடுத்து வாசல் சாக்கடை மோரியில வீசிட்டாரு. அவன் அழுதுக்கிட்டே ராத்திரி பூரா உக்காந்து திரும்பக் கட்டினான். ரெண்டு மட்டும் குறைஞ்சது. காலையில ஆளைக் காணோம். அந்த ஓட்டைக்குள்ள என் சுண்டுவிரல் போகும். அதுக்கப்புறம்தான் போர்வையைப் போட்டேன்.

— ஆண்ட்டி, இங்க ஓட்டையே இல்லியே.

— இடது பக்கம் பாருப்பா. ஜன்னலுக்குக் கீழ.

— பார்த்துட்டேன். நாலு பக்கமும் பார்த்துட்டேன். கோபுரம் முழுசா இருக்கு.

— அலெக்ஸ்?

— உனக்கு ஞாபகம் பிசகிடுச்சு டோரீ. ஒன்பது வருஷம் ஆச்சில்ல? வேற ஏதோ கோபுரமா இருக்கும்.

— எனக்கா பிசகும்? என் விரல் போன ஓட்டைங்க அது.

— அங்கிள், அந்தத் திரையைக் கொஞ்சம் இழுங்களேன். ட்யூப்லைட்டுல கலர் சரியாத் தெரியல.

— வெயில் படக் கூடாதுன்னு நீதானேடா இப்பச் சொன்னே!

— ஒரு நிமிஷம்தான் அங்கிள். இழுங்க. ...ஆங். ஆண்ட்டி, இங்க வாங்க. கொஞ்சம் வாங்க ப்ளீஸ். இந்த ரெண்டையும் பாருங்க. சுத்தி இருக்கிறது அடுப்புச் சாம்பல். இது?

— மாதாவே. மழை மேகம்.

— ஆமா. புதுச் சாம்பல். இந்த நிறம் ரெண்டாயிரத்து நாலுக்கு முன்னாடி வரவே இல்ல. இப்ப நடக்கிறது ரெண்டாயிரத்து ஆறு. அப்படின்னா இந்த ரெண்டு கட்டையும் இங்க வந்து உக்காந்து ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்க முடியாது.

— ரெண்டு வருஷமா? யாரு வச்சது? அலெக்ஸ், யாரு வச்சது?

— என்னைக் கேட்டா? எதிர் வீட்டு சுனில் பண்ணியிருப்பான். எப்பப் பார்த்தாலும் உள்ள வந்து எதையாவது நோண்டுவான்.

— பூட்டின ஷோகேஸுக்குள்ளயா? சாவி ரெண்டுதான். ஒண்ணு என் ஜெபமாலை டப்பாவுல இருக்கு. காலையில அதைத்தானே உங்க கையில குடுத்தேன். இன்னொண்ணு க்ளென் கழுத்துல, உத்தரியக் கயித்துல கோத்துப் போட்டிருந்தான். குளிக்கிறப்பகூட கழட்ட மாட்டான்.

— அது ஒரு பூட்டா? ஹேர்பின் போட்டாத் திறக்கும். தம்பி, இந்தா, நீ எதையும் சரிபார்க்க வேணாம். ரேட்டும் வேணாம். சும்மா எடுத்துட்டுப் போ. நான் ஆட்டோ பிடிக்கிறேன்.

— இவ்வளவு நேரம் ரேட்டு ரேட்டுன்னீங்களே அங்கிள்!

— இப்ப வேணாங்கிறேன். பொருளைத் தூக்கு!

— வைப்பா அதை. கை எடு. நான் சொல்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். இன்னும் என்ன தெரியுது உனக்கு? சொல்லு. நீதான் பார்த்தாலே தெரியும்னியே.

— ஆண்ட்டி, இது உங்க வீட்டு விஷயம்...

— உனக்கு என்ன வயசு?

— இருபத்தாறு.

— க்ளெனுக்கும் அதான் இப்ப. சொல்லுப்பா. நாளைக்கு நான் பொய் சத்தியம் பண்ணக் கூடாது.

— கோபுரத்தோட கூரையைப் பிரிச்சிருக்காங்க ஆண்ட்டி. நடுவுல கட்டை வைக்கணும்னா மேலே இருக்கிறதை எடுத்தாகணும். கூரைக் கட்டையில பல் தடம் இருக்கு. கடிச்சு இழுத்திருக்காங்க.

— பார்த்தியா டோரீ! பல்லு! சின்னப் பசங்க வேலை. நான் சொன்னேன்ல, சுனில்னு.

— சின்னப் பல்லு இல்ல அங்கிள். பெரிய ஆள் பல்லு. அகலம் பாருங்க.

— க்ளென் கடிக்க மாட்டான்பா. யாராவது பசங்க கட்டையில பல்லு வச்சா அடிக்கப் போவான். நகத்தாலதான் எடுப்பான். பொறுமையா, ஒவ்வொண்ணா.

— அப்ப அவன் இல்ல! நீயே சொல்லிட்டே. முடிஞ்சுபோச்சு. தம்பி, கிளம்பு.

— முடியல. ஓஸ்வால்ட், அந்த ரெண்டு கட்டையை அந்த இடத்துல வைக்கிறது சுலபமா?

— சுலபம் இல்ல ஆண்ட்டி. கோபுரம் பாறை மேல ஓரமா நிக்குது. அழுத்தினா மொத்தமும் சரிஞ்சிடும். ஒரு கையால கோபுரத்தை வெளிப்பக்கம் அணைச்சுப் பிடிக்கணும், இன்னொரு கையால உள்ள விட்டு அழுத்தணும். வச்சவர் ரொம்ப நேரம் எடுத்திருக்கார். லேசா கோணியிருக்கு, ஆனா ஒரு கட்டைகூட விழல. இந்த செட்டு மேல உயிரையே வச்சிருக்கிறவர்தான் இதைப் பண்ண முடியும்.

— கேட்டீங்களா அலெக்ஸ்? அது சுனில் இல்ல. இந்த உலகத்துல அங்க ரெண்டு கட்டை குறையுதுன்னு தெரிஞ்சவங்க மூணே பேரு. நீங்க, நான், அவன். நான் வைக்கல. நீங்க வச்சீங்களா?

— எனக்கென்ன பைத்தியமா?

— அப்ப என் தம்பி வந்திருக்கான். நான் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போன நேரம் இந்த வீட்டுக்குள்ள வந்து, உக்காந்து, கோபுரத்தை முடிச்சு வச்சிட்டுப் போயிருக்கான். நீங்க வேலையை விட்டு விஆர்எஸ் வாங்கி மூணு வருஷம். பகல் பூரா வீட்டுலதானே இருக்கீங்க? ஒருத்தன் வந்து இவ்வளவு நேரம் உக்காந்திருந்தா உங்களுக்குத் தெரியாதா?

— நான் கடைக்குப் போயிருப்பேன். மத்தியானம் தூங்கியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்?

— நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வரல.

— டோரீ! எத்திராஜுக்கு வாக்குக் குடுத்தாச்சு. விளையாடாதே.

— வரல. என் தம்பி உயிரோட இருக்கான். அந்த ரெண்டு கட்டை சொல்லுது.

— கட்டை சொல்லுதாம்! யாரோ ஒரு பேங்க்காரன் வந்து கலர் மேகம் மாதிரி இருக்குன்னா, செத்தவன் எழுந்து வந்துடுவானா? கொஞ்சம் மூளையை வச்சு யோசி. இப்ப இவன் என்ன சொன்னான்? ஒரு கையால பிடிக்கணும், இன்னொரு கையால அழுத்தணும்னான். ஆயித்தா? இருக்கிற ஒத்தக் கையை வச்சுக்கிட்டு அவன் எப்படிடி இதைப் பண்ணியிருப்பான்?

— என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்? அவன் பண்ணியிருக்க முடியாதுன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறே?

— ஆண்ட்டி, உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேணாம்பா. நீ எங்கேயும் போகாதே. சாட்சிக்கு இங்கேயே நில்லு. அந்தக் கூரைக் கட்டையை என்கிட்ட குடு, பல் தடம் இருக்கிறதை.

— இந்தாங்க ஆண்ட்டி.

— டோரீ, நான் வாய் தவறி...

— இந்த வாசப்படி இறங்கிப் போறப்ப க்ளெனுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு, அலெக்ஸ்.